பெட்டிக்குள் பேசக் கூடாது

கொண்டி விழுந்ததும் கனகவல்லி முழங்கால்களை மார்போடு இழுத்துக்கொண்டாள். வலது கால் வந்துவிட்டது. இடது காலைக் கையால் பிடித்து இழுக்க வேண்டியிருந்தது. மூடிக்கு மேலே அவர் இரண்டு தட்டு தட்டினார், சபைக்காக. "உள்ளே சௌகரியமா இருக்கியா, மிஸ் ரீட்டா?" என்று கேட்டார். பதில் சொல்லக் கூடாது. பெட்டிக்குள் போனவள் பேசக் கூடாது என்பது ஆரம்பத்திலிருந்தே இருக்கிற சட்டம். பேசினால் உள்ளே இருப்பது ஒரு மனுஷி என்று சபைக்கு ஞாபகம் வந்துவிடும், ஞாபகம் வந்தால் பரிதாபம் வந்துவிடும், பரிதாபப்படுகிறவன் கை தட்ட மாட்டான் என்பார் கஜபதி. "பதிலே இல்ல பாருங்க. கல்யாணம் ஆன புதுசுல இப்படித்தான், வாயே திறக்க மாட்டாங்க. அப்புறம் மூடவே மாட்டாங்க." சிரிப்பு வந்தது. முதலில் ஆண்கள் சிரித்தார்கள், பிறகு, கொஞ்சம் யோசித்துவிட்டு, பெண்கள். அவள் அந்தச் சிரிப்பின் அளவை வைத்து சர்க்கரை ஆலை மன்றத்தின் நீளத்தைக் கணக்குப் போட்டாள். நீளமான மன்றம். கடைசி வரிசையில் குழந்தைகளை மடியில் வைத்துக்கொண்டிருப்பார்கள். ஐந்து ஓட்டைகளின் வழியாக ஐந்து கீற்று வெளிச்சம் உள்ளே வந்தது, அதோடு ஆலையின் வாசனையும் வந்தது. கரும்புப்பாகு வாசனை. வேனை விட்டு இறங்கியபோது அது இனிப்பாக இருந்தது. இப்போது பெட்டிக்குள் தேங்கிக் குமட்டியது. இவர்கள் எல்லாரும் இதையேதான் தினமும் சுவாசிக்கிறார்கள், சாப்பிடும்போதும் தூங்கும்போதும். பழகிப்போயிருக்கும். எதுவும் பழகிப்போகும்.

முதல் வரி சரியாக வந்தது. அவள் மூச்சை விட்டாள். இன்னும் வரவேண்டியது ஐந்து. மாமியார், நாத்தனார், ஓரகத்தி, மாமனார், புருஷன். காலையில் எழுந்ததிலிருந்து அவள் மனதில் இந்த ஐந்து பேரும் ஒருவர் பின் ஒருவராகச் சுற்றி வந்துகொண்டிருந்தார்கள், இட்லி வேகும்போதும், ஜிகினாப் புடவையை மடிக்கும்போதும். கத்திக்கு உறவுப் பேர் வைத்தது அவர் மூளைதான். பேரைச் சொன்னால் சபை சிரிக்கும், சிரிக்கிற நேரத்தில் அவள் உள்ளே நகர்ந்துகொள்வாள். பேர்தான் அவளுக்குச் சைகை. மாமியார் என்றால் வலது பக்கம் மேல் ஓட்டை, தலையை முழங்காலுக்குள் புதைக்க வேண்டும். நாத்தனார் என்றால் இடது பக்கம் நடு ஓட்டை, வயிற்றை எக்கிப் பின்னால் சாய வேண்டும். ஓரகத்தி கீழே, கால் இரண்டையும் தூக்க வேண்டும். மாமனார் முன்பக்கம், உடம்பைத் திருப்பிப் பின் பலகையோடு ஒட்ட வேண்டும். புருஷன் கடைசியில், மூடியின் நடுவிலிருந்து நேராகக் கீழே. அதற்குள் அவள் மூலையில் சுருண்டு நடுவை முழுக்கக் காலியாக விட்டிருப்பாள். வரிசை மாறினால் நகர இடம் கிடையாது. இது வெளியே நிற்கிற அவருக்குத் தெரியுமா என்பதே அவளுக்குப் பல வருஷமாகச் சந்தேகம். அவர் ஒரு நாளும் பெட்டிக்குள் இறங்கிப் பார்த்ததில்லை. "நான் பார்த்துட்டேன்னா எனக்கே ஆச்சரியம் போயிடும் கனகு. எனக்கு ஆச்சரியம் இல்லேன்னா சபைக்கு எங்கிருந்து வரும்?" அப்போது அது பெரிய பேச்சாகத் தோன்றியது. இருபத்துநாலு வயதில் அவர் சொன்ன எல்லாமே பெரிய பேச்சுதான். குடியாத்தத்தில் ஆசாரி அவளை மணையில் உட்காரவைத்து, காலைக் கட்டிக்கொள்ளச் சொல்லி, நூல் பிடித்து அளந்தார். அளந்தது அவளை, பேசியது கஜபதியோடு. "கொஞ்சம் தாராளமா விடட்டுங்களா, புரொபசர்?" "வேணாம் ஆசாரி. பெட்டி சின்னதா இருந்தாத்தான் பார்க்கறவனுக்கு மூச்சு முட்டும்." பெட்டி அந்த நூலின் அளவிலேயே நின்றுவிட்டது. அவள் ஒரு பெண்ணைப் பெற்று, வளர்த்து, ஓசூருக்குக் கட்டிக்கொடுத்து, சர்க்கரை வந்து, ஐம்பத்தாறு வயதாகி, இன்னும் மிஸ் ரீட்டாவாக அந்த நூலுக்குள் மடங்கிக்கொண்டிருக்கிறாள்.

"இந்தக் கத்தியைப் பாருங்க," என்று வெளியே குரல் எழுந்தது. "இப்பத்தான் உங்க ஊர்க் கரும்பை வெட்டிக் காட்டினேன். ரெண்டாப் போச்சு. இது யாரு தெரியுமா? மாமியார். பளபளன்னு இருப்பாங்க. மெதுவாத்தான் வருவாங்க. ஆனா வந்தா ஆழமா இறங்குவாங்க." சிரிப்பு. தலையைப் புதைத்தாள். பலகையில் இரும்பு உரசியது, பின்கழுத்துக்கு மேலே ஒரு குளிர்ச்சி கடந்து போய் எதிர்ப் பலகையில் தட்டி நின்றது. மாமியார் வந்தாகிவிட்டது. எப்போதும் புடலங்காயைத்தான் வெட்டிக் காட்டுவார். இன்று மன்றச் செயலாளர் ஆசையாகக் கரும்பைக் கொண்டுவந்து நீட்டினார். அது ஒரே வெட்டில் போயிற்று. மழுங்கல் கத்தி வைத்துக்கொள்ளலாம் என்று மாலதி எத்தனை முறை சொல்லிவிட்டாள். அம்மா, அப்பா மொத்தமா நிறுத்தட்டும், இல்லேன்னா கத்தியையாவது மாத்தட்டும். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. "சபைகிட்ட நான் ஒரு பொய்தான் சொல்லலாம். ரெண்டு பொய் சொன்னா திருடன்." கத்தி நிஜம், பெட்டி நிஜம், பெண் நிஜம். பொய் என்பது இவை மூன்றும் ஒரே இடத்தில் இருக்கின்றன என்பதுதான். அவர் இப்படிப் பேசும்போது அவள் துணி தைத்துக்கொண்டிருப்பாள். அவள் அவருக்குப் பழக்கமானதே துணியால்தான். அப்பாவின் தையல் கடைக்குக் கோட்டுத் துணியோடு வந்து, உள்ளே பதினொரு பை வேண்டும், ஒன்றும் வெளியே தெரியக் கூடாது என்றார். அப்பா, அது திருட்டுப் பயல் கேட்கிற கோட்டு என்று திருப்பி அனுப்பப் பார்த்தார். உள்ளே காஜா எடுத்துக்கொண்டிருந்த அவள், பையைத் தைத்து அதன் மேல் இன்னொரு உள்துணி கொடுத்தால் தெரியாதே என்று சொல்லிவிட்டாள். சொல்லாமல் இருந்திருக்கலாம். சொல்லாமல் இருந்திருந்தால் அப்பா கடையிலேயே, அல்லது ஆம்பூரில் தோல் கம்பெனிக் கணக்கர் யாருக்காவது, ஆனால் அதெல்லாம் இப்போது எதற்கு. வரியைக் கேட்க வேண்டும். காது வரியில் இருக்க வேண்டும்.

பண்ருட்டியில் ஒரு வரி போனது. கல்யாண மண்டபத்தில், மாப்பிள்ளை வீட்டுக்காரர்கள் சத்தத்தில், மாமனாரைச் சொல்லாமல் கத்தியை நுழைத்துவிட்டார். முன்பக்கத்து வெளிச்சம் அணைந்ததைப் பார்த்து அவள் திரும்பிக்கொண்டாள், ரவிக்கை மட்டும் கிழிந்தது. வேனில் கேட்டாள். அவர் சிரித்தார். "வேணும்னுதான் விட்டேன். ஒரே மாதிரி சொன்னா அலுத்துப்போகுது." அதுதான் அவரோடு கஷ்டம். கை தவறினால் தவறு என்று ஒத்துக்கொள்ளாதே, தவறினதுதான் நிகழ்ச்சி என்று நீ நம்பு, நீ நம்பினால் சபை நம்பும் என்பது அவர் ஊர் ஊராகச் சொல்லிக்கொண்டு வந்த வேதம். புறா தப்பிப் போய் மின்விசிறி மேல் உட்கார்ந்தால், அங்கேதான் உட்காரச் சொன்னேன் என்பார். சீட்டு தவறிக் கீழே விழுந்தால் அதற்கு ஒரு கதை வைத்திருப்பார். முப்பது வருஷமாக எதையும் தவறு என்று ஒத்துக்கொள்ளாத மனிதருக்கு மறதி வந்தால் அது எந்த நாளில் வந்தது என்று பெண்டாட்டி எப்படிக் கண்டுபிடிப்பாள்? காப்பியில் உப்பைப் போட்டுக் கொண்டுவந்து நீட்டினார், அவள் துப்பியதும் கைகொட்டிச் சிரித்தார். முடிவெட்டிக்கொள்ளப் போனவர் பொழுது சாயும் நேரத்தில் யாரோ ஒரு பையனின் சைக்கிளில் வந்து இறங்கி, "மறைஞ்சு காட்டினேன் பார்த்தியா" என்றார். அவளும் சிரித்தாள். சிரித்ததுதான். அன்று அவர் செருப்பு இல்லாமல் வந்திருந்தார், கால் இரண்டும் கொப்பளித்திருந்தது. வேலூர் டாக்டர் எதிரே உட்காரவைத்து, இன்று என்ன கிழமை, இப்போது என்ன மாதம் என்று ஆரம்பித்தார். இவர் கையை நீட்டி டாக்டரின் காதுக்குப் பின்னாலிருந்து ஒரு நாணயத்தை எடுத்து மேஜையில் வைத்தார். டாக்டர் குழந்தை மாதிரி சிரித்தார். நர்ஸ் பெண்ணையும் கூப்பிட்டு, இன்னொரு தடவை செய்யுங்கள் என்றார். கிழமை கேட்டது அப்படியே போய்விட்டது. அவள் மட்டும் பக்கத்தில் உட்கார்ந்து, அது செவ்வாய்க்கிழமை, சொல்லுங்களேன், செவ்வாய் என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுங்களேன் என்று மனதுக்குள் கெஞ்சிக்கொண்டிருந்தாள்.

"அடுத்து வர்றது நாத்தனார்!" என்றது குரல். வயிற்றை எக்கிச் சாய்ந்தாள். "இவங்க எந்தப் பக்கம் வருவாங்கன்னே தெரியாது. வந்தா ஆடிக்கு வருவாங்க, போறதுக்கு ஆவணி ஆகும்." பெண்கள் பக்கம் பலமாகச் சிரிப்பு. இடது பக்கத்திலிருந்து கத்தி வந்து தொப்புளுக்கு விரற்கடை தூரத்தில் கடந்து போயிற்று. நல்ல வேகம், கையில் நடுக்கம் இல்லை. கை எதையும் மறக்கவில்லை, அதுதான் ஆச்சரியம். இந்த ஒரு வாரமாகக் காலையில் கூடத்தில் இருவரும் ஒத்திகை பார்த்தார்கள். அவள் பெட்டிக்குள் போகாமல் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டாள். ஒரு வரி பிசகவில்லை. ஏழு காலையும் பிசகவில்லை. நிகழ்ச்சி எதுவும் இல்லாத இரண்டு மாதம் அவர் பனியனோடு கட்டிலில் உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். சவரம் செய்துகொள்ளச் சொன்னால் யாருக்கு என்று கேட்பார். ஆலையிலிருந்து போன் வந்த அன்று மீசைக்கு மை போட்டுக்கொண்டு நின்றார். அந்த முகத்தைப் பார்த்துவிட்டு எப்படி வேண்டாம் என்பது? பெட்டி மட்டும் வேண்டாங்க, வளையம், கயிறு, புறா போதும் என்றாள். "பெட்டி இல்லாம கஜபதியா? அதுக்கு நான் கடலை மிட்டாய் விக்கப் போவேன்." சரி, இன்று ஒரு முறை. இன்று பிசகாமல் போய்விட்டால் இன்னும் கொஞ்ச நாள் ஓட்டலாம். பிசகினால் இன்றோடு சரி. இந்தக் கணக்கை அவரிடம் சொல்லவில்லை. மாலதியிடமும் சொல்லவில்லை. அவளுக்கும் பெட்டிக்கும் நடுவில் பேசிக்கொண்டது. இரண்டு ஆகிவிட்டது. இன்னும் மூன்று. ஓரகத்தி என்று அவர் வாயில் வந்துவிட்டால் மற்றது தானாக வரும். பேரிலேயே கத்தி இருக்குது பாருங்க ஓரகத்திக்கு என்பார், சபை சிரித்து அடங்கக் கொஞ்ச நேரம் ஆகும், அந்த நேரத்தில் கால்களைத் தூக்கிக்கொள்ளலாம். இப்போதே தூக்கிக்கொண்டால் தொடை நடுங்கும். கேட்ட பிறகு தூக்கினால் போதும்.

அவர் பேசவில்லை. முதலில் அது வழக்கமான இடைவெளி என்று இருந்தாள். சபையை ஒரு பார்வை பார்ப்பார், கத்தியை விரலால் சுண்டுவார், கிண் என்று கேட்கும். சுண்டவில்லை. யாரோ இருமினார்கள். ஒரு குழந்தை, "அம்மா, அவங்க செத்துட்டாங்களா?" என்று கேட்டது, சூ என்று அதட்டினார்கள். அவருடைய பூட்ஸ் இரண்டு அடி நடந்து நின்றது. திரும்பி இரண்டு அடி வந்து நின்றது. வீட்டில் சமையலறைக்கும் கூடத்துக்கும் நடுவில் இப்படித்தான் நடப்பார், எதற்கு வந்தோம் என்று தெரியாமல், கேட்டால் நடை பழகுகிறேன் என்பார். ஓரகத்தி, என்று அவள் மனதுக்குள் சொன்னாள். ஓரகத்தி. கீழ் ஓட்டை. அவளுக்கு ஓரகத்தி என்று யாருமில்லை, அவர் ஒரே பிள்ளை. மாமியாரும் அவள் அந்த வீட்டுக்குப் போவதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டாள். இந்தப் பெட்டிக்குள் வந்து போன உறவெல்லாம் கத்திதான். அம்மா செத்த செய்தி வந்த அன்றும் இப்படித்தான் உட்கார்ந்திருந்தாள், திருப்பத்தூரில், ஒரு பள்ளிக்கூட ஆண்டு விழாவில். திரை ஏறுவதற்கு முன்னால் தந்தி. முடித்துவிட்டுப் போகலாம் என்று அவளேதான் சொன்னாள். உள்ளே போய், கொண்டி விழுந்ததும் அழுதாள். அத்தனை பேரும் பெட்டியையே பார்த்துக்கொண்டிருக்கும்போது பெட்டிக்குள் அழுவதை யாரும் பார்க்கவில்லை. அழுகைக்கு நடுவிலும் மாமியாருக்குக் குனிந்தாள், நாத்தனாருக்குச் சாய்ந்தாள். வெளியே வந்தபோது கண்மை கரைந்திருந்தது, வியர்வை என்று நினைத்துக்கொண்டார்கள். அவருமா அப்படி நினைத்தார்? இத்தனை வருஷத்தில் கேட்கவில்லை. இனிமேல் கேட்டால் அவருக்கு அம்மாவே ஞாபகம் இருக்காது. இன்னும் பேசவில்லை. எத்தனை நேரம் ஆகிறது? உள்ளே இருந்தால் நேரம் தெரியாது. விசில் ஒன்று பின்வரிசையிலிருந்து வந்தது.

நிறுத்துவதற்கு ஒரு வழி வைத்திருந்தார்கள். உள்ளிருந்து மூன்று தட்டு. கேட்டதும் ஜோதி திரையை இழுத்துவிட வேண்டும். ஜோதி வேன் ஓட்டுபவர், திரையும் அவர் பொறுப்புதான், படுதா ஓரத்தில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றிருப்பார். இத்தனை வருஷத்தில் அவள் ஒரு தடவையும் தட்டியதில்லை. விரல் மடங்கிப் பலகைக்குப் போயிற்று. தட்டினால் போதும். தட்டினால் திரை விழும், செயலாளர் ஓடிவருவார், சாருக்கு என்ன ஆச்சு, மயக்கமா, ஒரு நாற்காலி கொண்டாங்க, சோடா உடைங்க. தலைப்பாகையைக் கழற்றிவிட்டு விசிறுவார்கள். மை போட்ட மீசையை எல்லாரும் கிட்டத்தில் பார்ப்பார்கள். பாவம், வயசாச்சு, எதுக்கு இந்த வயசுல இவரைப் போய்க் கூட்டிட்டு வந்தீங்க என்று அவளைக் கேட்பார்கள். அவர் ஒன்றும் சொல்லாமல் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். அவரை எந்தக் கத்தியும் அப்படிக் குத்தாது. அதற்குப் பிறகு பனியன், கட்டில், சுவர். தட்டாவிட்டால்? தட்டாவிட்டால் அடுத்த கத்தி எந்த ஓட்டையில் வருமோ தெரியாது. ஒரு நிமிஷம் பொறுத்தால் ஞாபகம் வந்துவிடலாம். காலையில் வந்தது. ஏழு நாளும் வந்தது. விரல் பலகையைத் தொட்டுக்கொண்டே நின்றது. தட்டு, என்றது மாலதியின் குரல். இரு, என்றாள் அவள். அவர் குரல் வந்தது. "மாமியார்," என்றது. "மாமியார் மறுபடியும் வந்துட்டாங்க!" சபை வெடித்துச் சிரித்தது. கை தட்டினார்கள். இதையும் நிகழ்ச்சி ஆக்கிவிட்டார். அவளுக்கும் சிரிப்பு வரப் பார்த்தது. அப்போது முக்காலியை இழுக்கிற சத்தம் கேட்டது.

முக்காலி கடைசிக் கத்திக்குத்தான். அதன் மேல் ஏறி நின்றுதான் புருஷனை மூடி வழியாக இறக்குவார். அவள் நிமிர்ந்து பார்த்தாள். மூடியின் நடுவில் இருந்த கீற்று அணைந்தது. அதற்கு நேர் கீழே அவள் தொண்டைக்குழி இருந்தது. பின்கழுத்துக்கு மேல் மாமியார், வயிற்றுக்கு முன்னால் நாத்தனார், மூலைக்குப் போக வழியில்லை. கத்தத் தோன்றியது, வாய் திறக்கவில்லை. சட்டம் அவளுக்கு முன்னால் வாயை மூடிவிட்டிருந்தது. தட்டவும் இல்லை. தட்ட வேண்டிய கை மேலே போய்விட்டது. இரும்பின் முனை உள்ளங்கையில் பட்டது, சில்லென்று, ஐஸ் மாதிரி, வலியே இல்லை. அவள் அதைப் பிடித்து, அப்பா கடையில் கத்தரியைத் துணி ஓரமாகத் திருப்புகிற மாதிரி, இடது பக்கமாகத் திருப்பினாள். அது இறங்கிக்கொண்டே வந்தது. ஆழமாக இறக்குகிறவர், பாதியில் நிறுத்த மாட்டார். தோளுக்கும் கைக்கும் நடுவில், அக்குள் வழியாக, புடவையைக் கிழித்துக்கொண்டு போய் அடிப்பலகையில் குத்தி நின்றது. அதன் பிறகுதான் வலித்தது. விரல்களை மூடிக்கொண்டாள். மணிக்கட்டு வழியாகச் சூடாக ஒன்று முழங்கைக்கு இறங்கிற்று. சிந்தக் கூடாது. அடிப்பலகை இடுக்கில் சொட்டினால் மேடைக்குத் தெரியும். முந்தானையைக் கையில் சுற்றினாள். கை தட்டுகிறார்கள். ஏன் தட்டுகிறார்கள் என்று அவளுக்குப் புரியவில்லை.

பிறகு இடது பக்கம் கீழ்க் கீற்று இருண்டது. கத்தி வரவில்லை. மூச்சு வந்தது. வெற்றிலையும் மீசை மையும் கலந்த மூச்சு. அவர் மண்டிபோட்டுப் பெட்டியில் வாயை வைத்திருந்தார். "ரீட்டா என்னமோ சொல்றாளாம், கேட்டுச் சொல்றேன் இருங்க" என்று சபைக்கு உரக்கச் சொல்லிவிட்டுக் குரலை இறக்கினார். "கனகு." மேடையில் அவர் அந்தப் பேரைச் சொன்னதே இல்லை. "கனகு, அடுத்தது யாருடி? எனக்கு ஒன்னுமே தெரியலடி. எல்லாரும் பார்க்கறாங்க."

தனக்கு மறந்துபோகிறது என்று தெரியும் அவருக்கு. அதுதான் முதலில் தோன்றியது, கைவலிக்கும் முன்னால். இத்தனை நாளும் தெரிந்திருக்கிறது. உப்புக் காப்பியைத் தெரிந்துதான் சிரித்தார், வெறுங்காலைத் தெரிந்துதான் மறைஞ்சு காட்டினேன் என்றார், செவ்வாய்க்கிழமை தெரியாது என்று தெரிந்துதான் காதிலிருந்து காசை எடுத்தார். ஒற்றை ஆளாக, வீட்டுக்குள், அவள் ஒருத்தியை முன்னால் உட்காரவைத்து ஓயாமல் நடத்தியிருக்கிறார். அவள் கை தட்டியிருக்கிறாள். அவருக்குத் தெரியவில்லை என்று நினைத்திருந்தவரை அவளுக்கு ஒரு நிம்மதி இருந்தது. அந்த நிம்மதி இருந்ததே அது போன பிறகுதான் தெரிந்தது. அவள் கத்திகளுக்கு நடுவில் கழுத்தை முடிந்தவரை சாய்த்து, ஓட்டையின் பக்கம் வாயைத் திருப்பினாள். பெட்டிக்குள் அவள் குரல் அவளுக்கே புதிதாக இருந்தது, யாரோ கிணற்றுக்குள்ளிருந்து பேசுகிற மாதிரி. "ஓரகத்திங்க. இப்ப நீங்க இருக்கற இதே ஓட்டை. மெதுவா விடுங்க." "ஓரகத்தியா?" "ஆமாங்க. பேர்லயே கத்தி இருக்குன்னு சொல்லணும்." "அப்புறம்?" "அதோட போதும். மாமனார் வேணாம். மாமனாருக்கு இடமில்லை." அவர் மூச்சு ஒரு கணம் அங்கேயே நின்றது. உள்ளே எதையாவது பார்க்கிறாரோ என்று கையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள். "உனக்கு ஒன்னும் ஆகலையே?" "ஒன்னும் ஆகல. எழுந்திருங்க. பேசுங்க."

அவர் எழுந்தார். முழங்கால் சொடுக்கியது அவளுக்குக் கேட்டது. குரல் எழுந்தபோது அது இருபது வருஷத்துக்கு முந்தைய குரலாக இருந்தது. "ரீட்டா சொல்றா, அண்ணன் தம்பி எல்லாருக்கும் கல்யாணம் ஆயிடுச்சே, ஓரகத்தியை ஏன் கூப்பிடலைன்னு! பேர்லயே கத்தி இருக்கு பாருங்க!" கால்களைத் தூக்கினாள். தொடை நடுங்க, கத்தி மெதுவாக, மிக மெதுவாகக் கீழே கடந்து போயிற்று. "மாமனார் எங்கேன்னு கேட்பீங்க. மாமனார் ஊருக்குப் போயிருக்கார். மாமியார் ரெண்டு தடவை வந்த வீட்டில அவருக்கு என்ன வேலை?" மன்றம் முழுக்கச் சிரித்தது. நாற்காலிகள் ஆடின. யாரோ "அப்படிப் போடுங்க புரொபசர்!" என்று கத்தினார்கள். அவள் இருட்டில் கண்ணை மூடிக்கொண்டு, ஒவ்வொரு கத்தியாக வெளியே போவதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். அக்குளிலிருந்து புருஷன் உருவிக்கொண்டு போனான். கொண்டி திறந்தது. வெளிச்சம் கண்ணைக் குத்தியது. அவர் கையை நீட்டினார், அவள் இடது கையைக் கொடுத்து எழுந்தாள். வலது கை முந்தானைக்குள் இருந்தது. முந்தானையில் நனைந்த இடம் பெரிதாகிக்கொண்டிருந்தது. அவருடைய கோட்டின் மேல் பையில் சிவப்புப் பட்டுக் கைக்குட்டை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. அவள் அதைச் சர்ரென்று உருவி, வலது கையில் சுற்றி, சுற்றிய கையை உயரத் தூக்கிச் சிரித்தாள். சபை எழுந்து நின்று கை தட்டியது. அவரும் தட்டினார்.

படிக்கட்டில் இறங்கும்போது ஒரு சின்னப் பெண் வழிமறித்து, "வலிச்சுதா ஆன்ட்டி?" என்று கேட்டது. "இல்லம்மா," என்றாள். "ரீட்டா ஆன்ட்டிக்கு வலிக்காது பாப்பா, கத்திக்குத்தான் வலிக்கும்" என்றார் அவர், அதன் கன்னத்தைத் தட்டி. செயலாளர் துண்டு போர்த்தினார். "மாமனார் ஊருக்குப் போயிருக்கார்னீங்களே, பிரமாதம் சார். எங்க மாமனார் முன் வரிசையிலதான் உட்கார்ந்திருந்தார், மூஞ்சியைப் பார்க்கணுமே." "அது புதுசு," என்றார் கஜபதி. "உங்களுக்குன்னே வச்சிருந்தேன். மாமியாரை ரெண்டு தடவை கொண்டுவந்தது கூட அதுக்குத்தான்." "அடுத்த வருஷமும் நீங்கதான் சார்." "அடுத்த வருஷம் எட்டுக் கத்தி. பார்த்துக்கிட்டே இருங்க." அவள் அவருடைய கண்ணைப் பார்த்தாள். ஓட்டையில் வாய் வைத்து அழைத்தவர் அந்தக் கண்ணுக்குள் எங்கேயாவது இருக்கிறாரா என்று தேடினாள். அது மேடைக் கண்ணாக இருந்தது, பளிச்சென்று, யாரையும் உள்ளே விடாமல். கேட்டால் என்ன சொல்வார் என்று அவளுக்குத் தெரியும். ரீட்டாவைப் பேச வைத்ததும் புதுசு என்பார். செயலாளரின் மனைவி நீட்டிய கேசரியை இடது கையால் வாங்கிக்கொண்டு, சர்க்கரை இருக்கிறது என்று சொல்லக் கூச்சப்பட்டுக் கொஞ்சம் தின்றாள்.

பின்பக்கம் வேன் நின்றிருந்தது. கஜபதி முன் சீட்டில் ஏறி, தலைப்பாகையை மடியில் வைத்துக்கொண்டு, கண்ணாடி வழியாகக் கையசைக்கிறவர்களுக்குக் கையசைத்துக்கொண்டிருந்தார். ஜோதி படுதாவைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். சாமான் ஏற்றுவதில் ஒரு முறை உண்டு. படுதா, மேஜை, வளையப் பெட்டி, புறாக் கூண்டு எல்லாம் முதலில் உள்ளே போகும். கத்திப் பெட்டி கடைசியில், கதவோரத்தில் ஏறும், அடுத்த ஊரில் முதலில் இறங்க வேண்டியது அது என்பதால். ஜோதி படுதாவை உள்ளே தள்ளப் போனபோது கனகவல்லி பெட்டியின் ஒரு பக்கத்துக் கைப்பிடியைப் பட்டுத்துணி சுற்றிய கையாலேயே பிடித்துத் தூக்கினாள். ஜோதி அவளைப் பார்த்தார், படுதாவைக் கீழே வைத்துவிட்டு மறுபக்கத்தைப் பிடித்தார். இருவருமாக அதை ஏற்றி, வேனின் கோடி வரைக்கும் தள்ளிக்கொண்டு போனார்கள். அதன் மேல் அவள் படுதாவைப் போட்டாள். முன்னால் மேஜையைச் சாய்த்தாள், வளையப் பெட்டியை அண்டக் கொடுத்தாள், கடைசியில் புறாக் கூண்டை எடுத்து, உள்ளே இருப்பவை கலையாமல், கதவோரத்தில் வைத்தாள்.